தொகுதி நிதியும் அரசு வசதிகளும்: புதிய எம்.எல்.ஏ., எம்.பி.க்களுக்கு ஒரு நடைமுறைக் கையேடு

தமிழ்நாட்டில் எந்தச் சிற்றூருக்குள் நுழைந்தாலும் சாலையோரத்தில் ஒரு பேருந்து நிழற்குடை நிற்கும். அதன் நெற்றியில் உறுப்பினரின் பெயர் முழ நீள எழுத்தில் இருக்கும். நிதியின் பெயர் அதற்குக் கீழே சிறிதாகவும், மதிப்பீட்டுத் தொகை பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும் அளவிலும் இருக்கும். தேர்தல் அறிவிக்கப்பட்ட மறுநாள் காலை ஊராட்சிப் பணியாளர் ஒருவர் ஏணியும் பசை வாளியும் கொண்டுவந்து, பழைய செய்தித்தாளை ஒட்டி அந்தப் பெயரை மறைப்பார். மழை பெய்தால் தாள் கிழிந்து பெயர் பாதி தெரியும்; தேர்தல் விதிமீறலைக் கண்காணிக்கும் பறக்கும் படையினர் படம் எடுப்பார்கள்; பணியாளர் மறுபடியும் ஏணியோடு வருவார். ஊரக வளர்ச்சித் துறையில் தொகுதி நிதிக் கோப்புகளோடு பல ஆண்டுகள் இருந்த எனக்கு, இந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றுதான் தோன்றும்: பெயரை இப்படி மறைக்க வேண்டியிருக்கிறது என்றால், அது தொடக்கத்திலேயே அளவுக்கு மீறிப் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது.

முதல் முறையாக வெற்றி பெற்று வருகிறவர்களுக்கும், அவர்களைவிட முக்கியமாக அவர்களுடைய உதவியாளர்களுக்கும், அரசுப் பணத்தையும் அரசு வசதிகளையும் எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்வதே இந்தக் கையேட்டின் நோக்கம். நான் பார்த்தவரை, தவறு செய்தவர்களில் பாதிப்பேர் திருட நினைத்தவர்கள் அல்லர். எந்த வேலை தம்முடையது, எது அதிகாரியுடையது என்ற கோடு எங்கே இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

பரிந்துரை உங்களுடையது, பணம் உங்களுடையதன்று

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் 1993 டிசம்பர் 23 அன்று நரசிம்ம ராவ் பிரதமராக இருந்தபோது அறிவிக்கப்பட்டது. முதல் ஆண்டில் உறுப்பினருக்கு 5 லட்சம் ரூபாயாக இருந்த ஒதுக்கீடு, அடுத்த ஆண்டே 1 கோடியாகவும், 1998–99இல் 2 கோடியாகவும், 2011–12இல் 5 கோடியாகவும் உயர்ந்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி. 234 தொகுதிகளுக்கும் சேர்த்தால் 702 கோடி ரூபாய். இந்தத் தொகையைக் கேட்டவுடன் உறவினர்களும் கட்சிக்காரர்களும் "அண்ணனுக்கு வருஷம் மூன்று கோடி வருகிறது" என்று பேசத் தொடங்குவார்கள். அந்தப் பேச்சை முதல் வாரத்திலேயே நிறுத்த வேண்டும். ஏனெனில் அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட உறுப்பினரின் கைக்கு வருவதில்லை, வரவும் கூடாது.

திட்டத்தின் அமைப்பு எளிமையானது. இன்ன இடத்தில் இன்ன வேலை தேவை என்று உறுப்பினர் எழுத்து மூலம் பரிந்துரைக்கிறார். அது விதிக்கு உட்பட்டதா, நிலம் இருக்கிறதா, மதிப்பீடு சரியா என்று மாவட்ட நிர்வாகம் பார்த்து நிர்வாக அனுமதி கொடுக்கிறது. ஊராட்சி ஒன்றியமோ நகராட்சியோ பொதுப்பணித் துறையோ ஒப்பந்தப்புள்ளி கோரி வேலையை முடிக்கிறது. பரிந்துரைக்கிற கை வேறு, செலவழிக்கிற கை வேறு. இந்தத் திட்டம் அதிகாரப் பிரிவினைக் கோட்பாட்டுக்கு எதிரானது என்று தொடரப்பட்ட வழக்கில், 2010 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு திட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்ததற்கும் இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம்: உறுப்பினருடைய பங்கு பரிந்துரையோடு நின்றுவிடுகிறது, செயல்படுத்துவது உள்ளாட்சியும் மாவட்ட நிர்வாகமும் என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்த இடைவெளியை உறுப்பினரே அழித்துவிட்டால் திட்டத்தின் அடித்தளமே ஆட்டம் காணும்.

கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

எனக்கு நினைவில் நிற்கும் ஒரு கோப்பு உண்டு. ஊர் பெயர் வேண்டாம். திருவிழாவுக்கு வரும் மக்கள் வெயிலில் நிற்கிறார்கள், ஒரு கலையரங்கம் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்டார்கள்; உறுப்பினரும் மேடையிலேயே அறிவித்துவிட்டார், கைதட்டலும் கிடைத்தது. கடிதம் எங்களிடம் வந்த பிறகு கிராம நிர்வாக அலுவலரை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். ஊரின் நிலங்கள் யாருடையவை என்று காட்டும் 'அ' பதிவேட்டில் அந்த இடம் கோயிலின் பெயரில் இருந்தது. வழிபாட்டுத் தலங்களுக்குள்ளும் அவற்றுக்குச் சொந்தமான நிலத்திலும் இந்த நிதியைச் செலவிட முடியாது என்று விதி இருப்பதால் கோப்பைத் திருப்பி அனுப்பினோம். உறுப்பினருக்குக் கோபம்; ஊர்க்காரர்களுக்கு அவர்மேல் கோபம். நூறு மீட்டர் தள்ளி ஊராட்சிக்குச் சொந்தமான புறம்போக்கு நிலம் காலியாகத்தான் கிடந்தது. மேடையில் அறிவிப்பதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்க வேண்டிய வேலை, கடைசியில் ஒன்றரை ஆண்டு இழுத்தது.

ஆகவே முதல் பாடம்: நிலத்தைப் பார்க்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள். நிலம் யாருடையது, அதன் வகைப்பாடு என்ன, நீர்நிலையா, மேய்ச்சல் நிலமா, நெடுஞ்சாலைத் துறையின் எல்லைக்குள் வருகிறதா என்று கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். நிழற்குடை என்றால் நெடுஞ்சாலைத் துறையின் தடையின்மைச் சான்று தேவைப்படும். அதோடு அங்கே பேருந்து நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சிரிக்க வேண்டாம். நிறுத்தத்திலிருந்து வெகுதூரம் தள்ளிக் கட்டப்பட்டு, ஆடுகளுக்கும் சீட்டாட்டத்துக்கும் மட்டுமே பயன்படும் நிழற்குடைகள் நம் மாவட்டங்களில் குறைவில்லை.

இரண்டாவது, கட்டி முடித்த பிறகு பராமரிப்பவர் யார் என்பது. உயர்மின் கோபுர விளக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எல்லா உறுப்பினர்களுக்கும் அதன்மேல் தனி ஆசை உண்டு; இரவில் நெடுந்தூரத்துக்குத் தெரியும், திறப்பு விழாவில் பொத்தானை அழுத்தினால் ஊரே பகலாகும். ஆனால் மின் கட்டணம் மாதந்தோறும் ஊராட்சியின் தலையில் விழும். வரி வருவாய் சொற்பமான ஓர் ஊராட்சியில் அப்படி நிறுவிய விளக்கு, சில மாதங்களில் இரவு ஒன்பது மணிக்கே அணைக்கப்படும் நிலைக்கு வந்தது. பிறகு பழுதானபோது மேலே ஏறிப் பார்க்க ஆளுமில்லை, பணமுமில்லை. பொறுப்பேற்கப் போகும் உள்ளாட்சி அமைப்போ துறையோ பராமரிப்புக்கு எழுத்து மூலம் ஒப்புக்கொள்வது வெறும் சடங்கன்று. அந்த ஒப்புதல் கடிதம் இல்லாமல் பரிந்துரை அனுப்புவது, பிள்ளையைப் பெற்று அடுத்த வீட்டுத் திண்ணையில் விட்டு வருவதற்குச் சமம்.

எவை கூடாதவை என்பதை உதவியாளர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர் நிதியின் வழிகாட்டி நெறிமுறைகளின்படி நிலையான, பொதுப் பயன்பாட்டுக்குரிய சொத்துகளே உருவாக்கப்பட வேண்டும். தனிநபருக்கு மட்டும் பயன்படும் வேலை, வணிக நிறுவனத்துக்கான வேலை, நிலம் வாங்குவது, நினைவுச் சின்னம் எழுப்புவது, மானியமோ கடனோ கொடுப்பது, அரசு அலுவலகங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் கட்டடம் கட்டுவது ஆகியவை பொதுவாக விலக்கப்பட்டவை. கட்டிய சொத்துக்கு எந்த மனிதரின் பெயரையும் சூட்டக் கூடாது. தலைவரின் பெயராக இருந்தாலும், உறுப்பினருடைய தாத்தாவின் பெயராக இருந்தாலும் அதே விதிதான். உறுப்பினரோ அவருடைய குடும்பத்தினரோ நிர்வாகத்தில் இருக்கும் அறக்கட்டளைக்கோ சங்கத்துக்கோ பரிந்துரைக்க இயலாது. இந்தக் கடைசி விதியைப் பொறுத்தவரை நான் ஒரு படி மேலே போகச் சொல்வேன்: உங்கள் தேர்தல் முகவரோ வட்டச் செயலாளரோ நடத்தும் பள்ளிக்கும் பரிந்துரைக்காதீர்கள். விதியில் இடமிருந்தாலும் ஊர் வாயில் இடமிருக்காது.

ஆதிதிராவிடர் குடியிருப்புகளுக்கான பங்கு தனியாகக் கவனிக்க வேண்டியது. எம்.பி. நிதியில் குறைந்தது 15 விழுக்காடு பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 விழுக்காடு பழங்குடியினர் பகுதிகளுக்கும் போக வேண்டும். 5 கோடியில் இவை 75 லட்சமும் 37.5 லட்சமும் ஆகும். காலனிக்குப் போகும் வழியில் இருக்கும் பொதுச் சாலையைச் சீரமைத்துவிட்டு அதை 15 விழுக்காட்டுக் கணக்கில் எழுதுகிற வழக்கம் உண்டு. கணக்கில் சரியாகத் தெரியும். ஆனால் காலனிக்குள் இருக்கும் தெருவில் மழைநீர் முழங்கால் அளவுக்கு அப்படியே நிற்கும். அந்தத் தொகையைக் காலனிக்குள்ளேயே செலவிடும்படி பரிந்துரையில் தெரு பெயரையும் தொடங்கும் முடியும் வீடுகளையும் குறிப்பிட்டு எழுதுவதுதான் சரியான முறை. தொகுதியில் பழங்குடியினர் இல்லாவிட்டால் அதற்குரிய பங்கை மாநிலத்துக்குள் வேறு பழங்குடிப் பகுதிக்குப் பரிந்துரைக்க வழியிருக்கிறது; அதைப் பயன்படுத்தாமல் விடுகிறவர்களே அதிகம்.

எந்த வேலையைத் தேர்ந்தெடுப்பது என்பதற்குச் சூத்திரம் எதுவும் இல்லை. ஆனால் தொகுதியின் ஊராட்சிகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இதுவரை என்ன கிடைத்தது, அங்கே உங்களுக்கு விழுந்த வாக்கு எவ்வளவு என்று இரண்டு பத்திகளாகக் குறித்துப் பாருங்கள். இரண்டும் கையைக் கோத்துக்கொண்டு ஏறி இறங்கினால், நீங்கள் பொது நிதியைக் கொண்டு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

கடிதம் அனுப்பிய பிறகு

எல்லாவற்றிலும் கடினமான கட்டம் இது. வேலையைக் கேட்டவர் நீங்கள். மக்கள் உங்களிடம்தான் கேட்பார்கள். ஆனால் வேலை உங்கள் கையில் இல்லை. ஒப்பந்ததாரர் யார் என்பதில் உங்களுக்குக் கருத்தே இருக்கக் கூடாது. "நம்ம பையனுக்குக் கொடுங்கள்" என்று உதவிப் பொறியாளரிடம் தொலைபேசியில் சொல்லும் ஒரு சொல், அதுவரை நீங்கள் காத்த முறைமை அனைத்தையும் கெடுத்துவிடும். அதன் பிறகு, முடிந்த வேலையின் அளவுகளைக் குறிக்கும் அளவுப் புத்தகத்தை எழுதும்போது, ஆறு அங்குலக் கான்கிரீட்டுக்குப் பதிலாக நான்கு அங்குலம் இருப்பதைப் பார்த்தாலும் அந்தப் பொறியாளர் பேசமாட்டார். பேசினாலும் "அண்ணன் ஆள்" என்ற பதில் வரும். நீங்கள் ஒரு ரூபாயும் வாங்கியிருக்க மாட்டீர்கள். இருந்தும் அந்த இரண்டு அங்குலத்துக்கு நீங்களே பொறுப்பு.

பணம் வாங்கியவர்களுக்கு என்ன ஆனது என்பதும் பதிவில் இருக்கிறது. 2005 டிசம்பரில் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று மறைவான படக்கருவியோடு நடத்திய நடவடிக்கையில், தொகுதி நிதி வேலைகளைப் பரிந்துரைப்பதற்காக நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் பேரம் பேசியதாகக் காட்சிகள் வெளியாயின. விசாரணைக்குப் பிறகு 2006 மார்ச்சில் மாநிலங்களவை உறுப்பினர் ஒருவர் அவையிலிருந்தே நீக்கப்பட்டார்.

அப்படியானால் உறுப்பினர் வேலை நடக்கும் பக்கமே போகக் கூடாதா என்றால், போகலாம், போக வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் நின்று, மதிப்பீட்டு நகலை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கலாம். குறை தெரிந்தால் மேஸ்திரியிடம் சத்தம் போடாமல், தேதியிட்டு மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் எழுத வேண்டும். எத்தனை பரிந்துரைகள் அனுமதிக்கப்பட்டன, எத்தனை நிராகரிக்கப்பட்டன, எவற்றுக்குப் பணி ஆணை கொடுக்கப்பட்டது, எவை முடிந்தன, பயன்பாட்டுச் சான்று வந்ததா என்று மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். எம்.பி. நிதிக்கு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய நெறிமுறைகளின்படி பரிந்துரையிலிருந்து பணம் பட்டுவாடா வரை இ-சாக்ஷி இணையதளத்தின் வழியாகவே நடக்கிறது; கடவுச்சொல்லை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடுவது, கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையைக் கொடுத்து வைப்பதற்கு ஒப்பாகும்.

பணி முடிந்ததும் வைக்கும் கல்வெட்டில் திட்டத்தின் பெயர், செலவான தொகை, தொடங்கிய, முடிந்த நாள்கள், பரிந்துரைத்த உறுப்பினரின் பெயர் ஆகியவை இடம்பெறும். பெயர் இருப்பதில் தவறில்லை. யார் பரிந்துரைத்தார் என்று மக்களுக்குத் தெரிய வேண்டியதுதான், ஏனெனில் வேலை கெட்டுப் போனால் யாரைக் கேட்பது என்பதற்கும் அதே பெயர்தான் பயன்படும். ஆனால் திட்டத்தின் பெயரைவிடவும் தொகையைவிடவும் அது பெரிதாக இருக்க வேண்டியதில்லை. படம் வேண்டாம், கட்சிக் கொடியின் நிறத்தில் சாயமும் வேண்டாம். பிறகு ஏணியும் பசை வாளியும் தேவைப்படாது.

அலுவலகமும் கடிதத்தாளும்

தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினர்களுக்குத் தொகுதியில் அரசு கட்டிய அலுவலகம் இருக்கிறது. அதன் சாவி உங்களிடம் இருப்பதால் அது உங்கள் கட்சி அலுவலகம் ஆகிவிடாது. வாக்களிக்காதவர் மனுவோடு உள்ளே வரக் கூசும்படி சுவர் முழுக்கக் கொடியும் தலைவர் படங்களும் நிறைந்திருந்தால், அந்தக் கட்டடத்தின் பாதிப் பயன் போய்விட்டது என்று பொருள். வட்டக் கழகக் கூட்டம், தேர்தல் நிதித் திரட்டல், உறுப்பினர் சேர்க்கை ஆகியவற்றுக்கு வேறு இடம் பாருங்கள். இருக்கையும் மேசையும் கணினியும் வந்தபோதே இருப்புப் பதிவேடு ஒன்று தொடங்கி, எது அரசு கொடுத்தது, எது நீங்கள் சொந்தமாக வாங்கியது, எது யாரோ அன்பளிப்பாகக் கொடுத்தது என்று பிரித்து எழுதி வையுங்கள். மூன்றாவது வகையை ஏற்காமல் இருப்பதே நல்லது. குளிர்சாதனப் பெட்டியை அன்பளித்தவர் அடுத்த மாதம் கல்குவாரி அனுமதிக்காக வருவார்.

கடிதத்தாளைப் பணத்தைப் போலவே பூட்டி வைக்க வேண்டும் என்பேன். அரசு முத்திரையோடு இருக்கும் ஒரு தாளில் பரிந்துரை எழுதினால் மருத்துவமனைப் படுக்கை முதல் ரயிலில் அவசர ஒதுக்கீட்டு இடம் வரை கிடைக்கிறது. ஆகவே அதற்குச் சந்தை உண்டு. கையெழுத்திட்ட வெற்றுத் தாள்களை உதவியாளரிடம் கொடுத்துவிட்டுச் சென்னைக்குப் போகும் வழக்கம் உங்களிடம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் வரிசை எண், தேதி, யாருக்காக, எதற்காக என்ற நான்கு விவரங்களோடு ஒரு பதிவேடு போதும்; பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. கேந்திரிய வித்யாலயாப் பள்ளிகளில் ஒவ்வொரு எம்.பி.க்கும் ஆண்டுக்கு 10 மாணவர் சேர்க்கைப் பரிந்துரைகள் இருந்தன. நூற்றுக்கணக்கானோர் கேட்கும்போது பத்துப் பேரை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுப்பது என்று உறுப்பினர்களே புலம்பினார்கள். 2022இல் அந்த ஒதுக்கீடு நீக்கப்பட்டது. என் கணக்கில் அது உறுப்பினர்களுக்குக் கிடைத்த விடுதலை.

உதவியாளருக்கு அரசுப் பணத்திலிருந்து ஊதியம் கிடைக்கிறது என்றால் அவர் மக்கள் பணிக்கு உரியவர். உங்கள் பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், அரிசி ஆலைக் கணக்குப் பார்ப்பதும், சமூக ஊடகத்தில் எதிர்க்கட்சிக்காரரைத் திட்டுவதும் அவருடைய வேலை அல்ல. அவர் உங்கள் மைத்துனராக இருக்கக் கூடாது என்று நான் தனியே சொல்ல வேண்டியதில்லை.

பயணப்படியும் நாட்படியும்

இதில் விதிகள் தெளிவாக இருப்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். நாடாளுமன்ற உறுப்பினருக்கு 2023 ஏப்ரல் முதல் கணக்கிடப்படும் திருத்தத்தின்படி மாத ஊதியம் 1,24,000 ரூபாய், அவை நாள்களுக்கான நாட்படி 2,500 ரூபாய். ஆண்டுக்கு 34 விமானப் பயணங்களும் உண்டு. நாட்படி வேண்டுமானால் அவையின் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். கையெழுத்திட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் வெளியேறினாலும் சட்டப்படி தொகை வரும். அது முறையா என்று கேட்டால், வருகைப் பதிவேடு எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் நான் பதிலுக்குக் கேட்பேன்.

பயணக் கணக்கில் மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒரே பயணத்துக்கு இரண்டு இடங்களில் பணம் கேட்பது முதலாவது: நீங்கள் உறுப்பினராக இருக்கும் குழு ஒன்று பயணச் செலவைக் கொடுத்திருக்கும், உதவியாளர் தெரியாமல் அவைச் செயலகத்துக்கும் பட்டியல் அனுப்பியிருப்பார். உறவினர் திருமணத்துக்குப் போன பயணத்தைத் தொகுதிப் பயணமாகக் காட்டுவது இரண்டாவது. மூன்றாவது, போகாத பயணத்துக்குப் பணம் பெறுவது. அது நேரடிக் குற்றம். பீகாரைச் சேர்ந்த முன்னாள் மாநிலங்களவை உறுப்பினர் ஒருவர், மேற்கொள்ளாத விமானப் பயணங்களுக்குப் போலிப் பயணச்சீட்டுகளும் ஏறுநுழைவுச் சீட்டுகளும் காட்டி 23 லட்ச ரூபாய்க்கு மேல் பெற்றதாகத் தொடரப்பட்ட வழக்கில் 2022இல் விசாரணை நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டார். அப்போது அவர் வகித்த சட்டமன்ற உறுப்பினர் பதவியும் பறிபோனது. பட்டியலில் நீங்கள் போடும் கையெழுத்துக்குக் கீழே உதவியாளரின் பெயர் இருக்காது என்பதால், ஒவ்வொரு பட்டியலையும் நாட்குறிப்போடு ஒப்பிட்டு நீங்களே படித்த பிறகு கையெழுத்திடுங்கள். மாதக் கடைசியில் அரை மணி நேர வேலை.

தேர்தல் நெருங்கும்போது

இந்தியத் தேர்தல் வரலாற்றில் அரசு வசதியைப் பயன்படுத்தியதற்காக ஒருவர் கொடுத்த மிகப் பெரிய விலை 1975 ஜூன் 12 அன்று தெரிந்தது. 1971 தேர்தலில் ரேபரேலியில் ராஜ் நாராயணை ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் வென்றிருந்த பிரதமர் இந்திரா காந்தியின் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன் லால் சின்ஹா தீர்ப்பளித்தார். லஞ்சம், கள்ள வாக்கு போன்ற குற்றச்சாட்டுகள் அந்தத் தீர்ப்புக்கு அடிப்படை அல்ல. அடிப்படையாக அமைந்தவை இரண்டு. அரசுப் பணியில் இருந்த அதிகாரி ஒருவர் தேர்தல் வேலை பார்த்தது ஒன்று. உத்தரப் பிரதேச அரசின் அதிகாரிகள் பிரசாரக் கூட்டங்களுக்கு மேடை அமைத்து ஒலிபெருக்கிக்கு மின்சாரம் ஏற்பாடு செய்து கொடுத்தது மற்றொன்று. மேடைக்கான மரமும் மின்சாரக் கம்பியும்! சட்டம் திருத்தப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. அதற்குள் நாடே நெருக்கடி நிலைக்குள் போயிருந்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, 7ஆம் உட்பிரிவு, வேட்பாளர் தம் வெற்றிக்காக அரசு ஊழியரின் உதவியைப் பெறுவதை இன்றும் ஊழல் நடவடிக்கை என்றே சொல்கிறது. நெடுநாள் பழகிய கிராம நிர்வாக அலுவலரிடம் "வாக்காளர் பட்டியலை ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள்" என்று நட்பாகக் கேட்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தேர்தல் ஆணையம் அட்டவணையை அறிவிக்கும் அந்த நொடியிலேயே நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்துவிடுகின்றன. 2024 மக்களவைத் தேர்தல் மார்ச் 16 பிற்பகல் அறிவிக்கப்பட்டது. அன்று மாலை அடிக்கல் நாட்டு விழா வைத்திருந்தவர்கள் செங்கல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அதன் பிறகு தொகுதி நிதியிலிருந்து புதிதாக ஒதுக்கீடு செய்ய முடியாது. பணி ஆணை கொடுக்கப்பட்டு, களத்தில் இன்னும் தொடங்காத வேலையைத் தொடங்கவும் கூடாது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வேலை தொடரலாம். முடிந்த வேலைக்குப் பணமும் கொடுக்கலாம். இந்த வேறுபாடு தெரியாமல், மழைக்காலத்தில் பாதியில் நிற்கும் பள்ளிக் கூரையை "தேர்தல் வந்துவிட்டது" என்று சொல்லி அப்படியே விட்டவர்களும் உண்டு. தொடங்காத வேலைக்கு முதல்நாள் தேதி போட்டு இரவோடு இரவாக ஒரு லாரி ஜல்லி இறக்கியவர்களும் உண்டு. ஒரு லாரி ஜல்லி வேலை தொடங்கியதற்குச் சான்றாகாது. படம் எடுத்த தேதி கைபேசியிலேயே பதிவாகிவிடும்.

தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தைப் பூட்டி முத்திரை வைப்பது வழக்கமாகிவிட்டது. அறிவிப்பு வரும் வரை காத்திருக்காமல், தேர்தல் எதிர்பார்க்கப்படும் மாதத்துக்கு முந்தைய மாதமே நிலுவையிலுள்ள மனுக்களையும் உங்கள் சொந்தப் பொருள்களையும் பிரித்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் யாரோ ஒரு விதவையின் ஓய்வூதிய ஆவணங்கள் இரண்டு மாதம் பூட்டிய அறைக்குள் கிடக்கும். அமைச்சராகவும் இருப்பவர் அலுவல் பயணத்தையும் பிரசாரத்தையும் ஒன்றாக்கக் கூடாது. அரசு வாகனமும் விருந்தினர் மாளிகையும் பிரசாரத்துக்கு அல்ல.

கட்சிச் சின்னத்தை அரசுச் செலவில் பரப்புவது பற்றியும் ஒரு சொல். உத்தரப் பிரதேசத்தில் பகுஜன் சமாஜ் ஆட்சிக் காலத்தில் அரசுப் பூங்காக்களில் நிறுவப்பட்ட கல் யானைகளை, யானையே கட்சிச் சின்னமும் என்பதால், 2012 ஜனவரியில் தேர்தல் ஆணையம் மூடச் செய்தது. 2016 அக்டோபரில், பொதுப் பணத்தையோ பொது இடத்தையோ கட்சியையும் சின்னத்தையும் பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்று எல்லாக் கட்சிகளுக்கும் ஆணையம் உத்தரவிட்டது. நம் ஊரில் யானை அளவுக்கு யாரும் போவதில்லை. அங்கன்வாடிச் சுவரின் சாயத்திலும் நிழற்குடைக் கூரையின் வடிவத்திலும் சின்னத்தை நுழைத்துவிடுவார்கள். உத்தரவு ஒன்றுதான்.

பதவி முடியும் நாள்

மக்களவை உறுப்பினராக இருந்தவர் தில்லி வீட்டை ஒரு மாதத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். அரசுச் சின்னம் பொறித்த கடிதத்தாளை முன்னாள் உறுப்பினர் பயன்படுத்துவதற்கு, அந்தச் சின்னத்தின் பயன்பாடு பற்றிய 2007ஆம் ஆண்டு விதிகள் இடம் தரவில்லை; மீதமிருக்கும் தாள்களைக் கிழித்து எரித்துவிடுங்கள், "முன்னாள்" என்று பேனாவால் சேர்த்து எழுதும் வேலை வேண்டாம். அலுவலகத்தின் இருப்புப் பதிவேட்டைப் பொருள்களோடு ஒத்துப்பார்த்து, அதிகாரியின் கையெழுத்தைப் பெற்றுக்கொண்டு சாவியைக் கொடுங்கள். காணாமல் போன மின்விசிறிக்கு அன்றே பணம் கட்டிவிடுவது நல்லது.

தொகுதி நிதியில் பரிந்துரைத்து முடியாத வேலைகளின் பட்டியலை மாவட்ட ஆட்சியரிடம் ஒரு பிரதியும், புதிய உறுப்பினரிடம் ஒரு பிரதியும் கொடுக்க வேண்டும். அவர் உங்களைத் தோற்கடித்தவராக இருப்பார். அவருடைய கட்சிக்காரர்கள் வெளியே பட்டாசு வெடித்துக்கொண்டிருப்பார்கள். இருந்தாலும் மனுப் பதிவேட்டையும் அவரிடமே கொடுங்கள். அதில் இன்னும் பதில் போகாத மனுக்களை நீலப் பென்சிலால் குறித்து, எந்தத் துறையில் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று ஓரத்தில் எழுதி, அடுத்த மனு நாள் எந்தக் கிழமை என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள். ஏனெனில் அந்தக் கிழமை காலையில் வாசலில் வந்து நிற்கப் போகிறவர்கள் அதே ஆட்கள்தான்.